சினிமாவில் முதுகலை: பணம் கட்டுவதற்கு முன்

போன மாதம் ஒரு தம்பி ஹார்ட் டிஸ்க்கோடு என் எடிட் அறைக்கு வந்தார். சினிமா, டிவி தயாரிப்பில் முதுகலை முடித்தவர். அப்பா கடன் வாங்கிக் கட்டிய படிப்பு. டிஸ்க்கில் இருந்தது கடைசி வருடக் குறும்படம். அம்மாவும் மகனும் வீட்டுக்குள் பேசும் காட்சியில் ஒரு வசனத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். நடுவில் பள்ளம் விழுந்தது. ஃபேன் சத்தம், தெருச் சத்தம் எல்லாம் சட்டென்று அறுந்துபோயின.

“ரூம் டோன் எங்கே தம்பி?”

“அப்படின்னா என்னண்ணா?”

எல்லோரையும் அசையாமல் நிற்க வைத்து, அந்த இடத்தின் வெறும் சத்தத்தை அரை நிமிடம் பதிவு செய்வதுதான் ரூம் டோன். பைசா செலவில்லை. சவுண்டுக்கு வகுப்பு நடந்ததாம், பரீட்சையும் எழுதினாராம். ஆனால் ரெக்கார்டரைக் கையில் பிடித்தது இரண்டே முறை. நாற்பது பேருக்கு இரண்டு ரெக்கார்டர்.

ப்ரோஷரில் கேமராவை முழுப் பக்கத்துக்குப் போடுவார்கள். அதற்கு எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று போடமாட்டார்கள். படிப்பு முடிவதற்குள் நான் எத்தனை படத்தில், என்னென்ன வேலை செய்வேன்? இதை ஆபீஸில் கேட்காதீர்கள், கேட்டுக்கு வெளியே டீ குடிக்கும் கடைசி வருட மாணவர்களிடம் கேளுங்கள்.

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிக்காதவர்களுக்கு வழியில்லை என்று நினைத்துத் தனியாரிடம் லட்சங்களைக் கொட்டுகிறவர்களும் உண்டு. புனேயில் பழைய பிரபாத் ஸ்டூடியோ வளாகத்தில் 1960-இல் தொடங்கிய எஃப்.டி.ஐ.ஐ. (இந்தியத் திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனம்), கொல்கத்தாவில் சத்யஜித் ராய் பெயரில் இருக்கும் நிறுவனம் இரண்டும் மத்திய அரசுடையவை. இயக்கம், ஒளிப்பதிவு, எடிட்டிங்குக்கு ஏதாவது ஒரு டிகிரி போதும், பி.காம். பையனும் நுழைவுத்தேர்வு எழுதலாம். புனேயில் சவுண்டுக்கு மட்டும் பிளஸ் டூவில் இயற்பியல் கேட்பார்கள். சினிமாப் பிரிவு மூன்று வருடம். கொல்கத்தாவில் தயாரிப்புக்கே தனிப் பிரிவு இருக்கிறது. நம் ஊரில் தயாரிப்பாளர் என்றால் பணப்பெட்டியோடு வருகிறவர் என்றுதான் நினைப்பு. பட்ஜெட், ஷெட்யூல், ஒப்பந்தம் என்று அதிலும் படிக்க நிறைய இருக்கிறது.

சான்றிதழை ஷூட்டிங்கில் யாரும் கேட்பதில்லை. ஆனால் பிற்பாடு கல்லூரியில் பாடம் எடுக்கும் எண்ணம் இருந்தால், யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அங்கீகாரத்தை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

அப்புறம், உரிமை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் கண்ணில் ஒரு திரைப்படத்தின் ஆசிரியர் அதன் தயாரிப்பாளர்தான், இயக்குநர் அல்ல. கல்லூரியே செலவு செய்து எடுத்தால் படம் அவர்களுடையது, சரி, நியாயம். இந்தத் தம்பியோ சொந்தக் காசு போட்டு எடுத்தவர். ஆனால் சேரும்போது கையெழுத்திட்ட படிவத்தில், மாணவர் எடுக்கும் படங்கள் எல்லாம் நிறுவனத்துக்கே என்று ஒரு வரி இருந்திருக்கிறது. இப்போது விழாவுக்கு அனுப்ப அவர்களிடம் கடிதம் கேட்டு அலைகிறார். அட்மிஷன் அவசரத்தில் யார் ஆறாவது பக்கத்தைப் படிக்கிறார்கள்?

ரூம் டோன் எடுக்க மறுபடி அதே வீட்டுக்குப் போனோம். ஃபேனை மாற்றியிருந்தார்கள், புதிது, சத்தமே இல்லை. கடைசியில் ஒவ்வொரு டேக்கிலும் ‘ஆக்‌ஷன்’ சொல்வதற்கு முந்தைய இரண்டு மூன்று விநாடிகளைப் பொறுக்கி ஒட்டிப் பள்ளத்தை அடைத்தேன். ராத்திரி ஒன்றரை மணி ஆகிவிட்டது. தம்பி பக்கத்திலேயே உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.