யோசனை ஒதுங்கிக்கொள்ளும் நேரம்

ஒகேனக்கல்லில் பரிசல் ஏறியவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். பரிசல் வட்டமானது. அதற்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது, தெரியாதவர் துடுப்புப் போட்டால் முன்னே போகாமல் நின்ற இடத்திலேயே சுற்றும். ஓட்டுபவரின் கையில் இருப்பதோ ஒரே ஒரு துடுப்பு. அதை வைத்துக்கொண்டு, பாறைகளுக்கு நடுவே ஓடும் காவிரியில், நம்மையும் உட்கார வைத்து, எந்தக் கடையில் மீன் வறுவல் நன்றாக இருக்கும் என்று பேசிக்கொண்டே ஓட்டிப் போகிறார் அந்த அண்ணன். உடம்பில் திணறல் இல்லை, முகத்தில் கணக்குப் போடும் பாவனை இல்லை. துடுப்பை எப்படித் திருப்புகிறீர்கள் என்று கேட்டால் வாயால் சொல்ல வராது, செய்து காட்டுவார்.

இந்த அலட்டல் இல்லாத திறமை மூளையில் எங்கே உட்கார்ந்திருக்கிறது, எப்படி வந்து சேர்கிறது, முக்கியமான நேரத்தில் ஏன் சில பேருக்குக் கைவிட்டுப் போகிறது என்பதைப் பற்றி ஓரளவு தெளிவாகவே தெரியும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மைதானங்களில் விடியற்காலையில் ஓடுகிற, கபடி ஆடுகிற பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இரண்டே அறிவுரைதான் கிடைக்கிறது. ஒன்று, உயிரைக் கொடுத்து முயற்சி பண்ணு. இன்னொன்று, எதையும் யோசிக்காமல் ஆடு. இரண்டும் சரிதான், ஆனால் எது எப்போது என்று யாரும் சொல்வதில்லை, அதுதான் என் ஆதங்கம்.

முதலில் எங்கே என்ற கேள்வி. ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு 1953-ல் வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை சிகிச்சை நடந்தது. ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பெரும்பங்கை இரண்டு பக்கமும் எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது, ஆனால் அதன்பின் புதிதாக எதையும் அவரால் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, ஒரு நட்சத்திர வடிவத்தின் இரண்டு கோடுகளுக்கு நடுவே பென்சிலால் வரைய வேண்டும். நீங்களும் செய்து பாருங்கள், கை எதிர்ப்பக்கம் இழுக்கும். மொலைசன் அடுத்தடுத்த நாட்களில் வரைய வரைய பிழை குறைந்துகொண்டே வந்தது. ஆனால் ஒவ்வொரு நாளும், இதை நான் இதற்கு முன் செய்ததே இல்லை என்றுதான் நினைத்தார். அவருக்குத் தெரியாமலே அவர் கை கற்றுக்கொண்டிருந்தது.

"எனக்கு இது தெரியும்" என்று சொல்லத் தெரிந்த நினைவு ஒரு இடம், செய்யத் தெரிந்த நினைவு வேறு இடம். இரண்டாவதற்கு மூளையின் ஆழத்தில் இருக்கும் பேசல் கேங்க்லியா என்ற நரம்புத் திரள்களும், பிடரிப் பக்கம் இருக்கும் சிறுமூளையும் முக்கியமானவை. இவை வார்த்தையில் யோசிப்பதில்லை, அதனால்தான் பரிசல்கார அண்ணனால் சொல்ல முடியவில்லை.

சரி, அங்கே எப்படிப் போய்ச் சேர்கிறது? ஃபிட்ஸ், போஸ்னர் என்ற இரு உளவியலாளர்கள் 1967-ல் இதை மூன்று கட்டங்களாகப் பிரித்தார்கள். நம் ஓசூரில் 1980-ல் தயாராகி வெளிவந்த டிவிஎஸ் 50 காலத்திலிருந்து இன்றைய எக்ஸ்எல் வரை, வண்டி ஓட்டப் பழகிய எல்லோரும் இந்த மூன்றையும் கடந்தவர்கள்தான். முதலில் ஆக்சிலரேட்டர் எது, பிரேக் எது என்று மனதுக்குள் சொல்லிச் சொல்லி ஓட்டுகிறோம். அடுத்து சொல்வது குறைந்து தப்பு குறைகிறது. கடைசியில் பின்னால் மூட்டை, முன்னால் குழந்தை, வாயில் பேச்சு, வண்டி தானாகப் போகிறது. முதல் கட்டத்தில் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைக்குக் கடுமையான வேலை. அந்த வேலை மெல்ல மெல்ல ஆழத்துக்குக் கைமாறுகிறது. கைமாறிய பிறகுதான் முன்மூளை ஒதுங்கி நின்று, எந்தப் பாதையில் போகலாம், எதிரே வருபவன் என்ன செய்யப் போகிறான் என்று பார்க்க முடியும்.

ஆனால் "திரும்பத் திரும்பச் செய்தால் தானாக வந்துவிடும்" என்று இதைப் புரிந்துகொண்டால் பாதிதான். நிகோலாய் பெர்ன்ஷ்டைன் என்ற சோவியத் விஞ்ஞானி 1920-களில் மாஸ்கோவில், சுத்தியல் அடிக்கும் தொழிலாளர்களின் கையில் சின்னச் சின்ன விளக்குகளைக் கட்டி அசைவைப் படம் பிடித்தார். நல்ல தொழிலாளி ஒரே அசைவைத்தான் திரும்பத் திரும்பச் செய்வார் என்றுதான் நாமெல்லாம் எதிர்பார்ப்போம். படத்தில் தெரிந்தது வேறு. சுத்தியல் போய் விழும் இடம் பெரும்பாலும் மாறவில்லை, ஆனால் தோள், முழங்கை, மணிக்கட்டு போகும் வழி ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சம் மாறியது. தோள் சற்று விலகினால் மணிக்கட்டு அதை ஈடுகட்டியது. உடம்பு மனப்பாடம் செய்வது அசைவை இல்லை, போய்ச் சேர வேண்டிய இடத்தைத்தான். ஒவ்வொரு அடியிலும் அந்தக் கணக்கை அது புதிதாகப் போடுகிறது. பயிற்சி என்பது விடையை மனப்பாடம் செய்வதல்ல, விடை கண்டுபிடிக்கும் வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது என்பது பெர்ன்ஷ்டைனின் கருத்து. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பு சுமார் 4,200 ஆண்டுகள் பழமையானது என்று 2022-ல் தமிழக அரசு அறிவித்தது. அத்தனை காலமாக இரும்போடு பழகிய மண் இது, கொல்லுப்பட்டறையில் சம்மட்டி தூக்கியவர்களுக்கு எந்தக் காகிதமும் இல்லாமல் இது தெரிந்துதான் இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

இதிலிருந்து பயிற்சிக்கு ஒரு முக்கியமான விஷயம் வருகிறது. கெர், பூத் என்ற இருவர் 1978-ல் வெளியிட்ட ஆய்வில் குழந்தைகள் சின்ன பயறுப் பைகளைக் குறிபார்த்து எறிந்தார்கள். எட்டு வயதுக் குழந்தைகளில் ஒரு குழு 3 அடி தூரத்திலிருந்தே எறிந்து பழகியது. இன்னொரு குழு 2 அடியிலும் 4 அடியிலும் மாறி மாறி எறிந்தது, 3 அடியில் எறியவே இல்லை. பரீட்சை வைத்தது 3 அடியில். ஜெயித்தது இரண்டாவது குழு! பாலக்கோட்டிலோ காவேரிப்பட்டணத்திலோ ஒரே மண்ணில், அதே நான்கு நண்பர்கள் பிடிக்க, காலால் தொடும் ஒரே உத்தியைத் தினமும் பழகும் கபடி ரைடர் (எதிரணிப் பக்கம் பாடிப் போகிறவர்) வெளியூர்ப் போட்டியில் மேட் விரிப்பில் இறங்கியதும் தடுமாறுவது ஏன் என்பதற்கு இதில் பதில் இருக்கிறது. ஆளை மாற்றுங்கள், தரையை மாற்றுங்கள், வலப்பக்கம் பாடுகிறவரை இடப்பக்கம் அனுப்புங்கள். அன்றைய பயிற்சி மோசமாகத்தான் தெரியும். பரவாயில்லை. பள்ளிக் கணக்குக்கும் இதே கதைதான், ஒரே மாதிரிக் கணக்கை வரிசையாகப் பத்து போடுவதைவிடப் பல பாடக் கணக்குகளைக் கலந்து போட்டவர்கள் பிறகு வரும் தேர்வில் நன்றாகச் செய்கிறார்கள்.

இப்போது அந்த உச்ச நிலை. மிஹாய் சிக்சென்ட்மிஹாய் என்ற ஹங்கேரிய அமெரிக்க உளவியலாளர் 1970-களில் மலையேறுபவர்கள், சதுரங்க வீரர்கள், நடனக் கலைஞர்கள், அறுவை சிகிச்சை மருத்துவர்கள் என்று பலரிடம் பேசினார். வேலையில் முழுக்க மூழ்கியிருக்கும்போது நேரம் போவது தெரியாது, "நான்" என்ற நினைப்பே இருக்காது, சிரமப்படுவதாகவே தோன்றாது என்று எல்லோரும் கிட்டத்தட்ட ஒன்றையே சொன்னார்கள். அந்த நிலைக்கு அவர் கண்ட நிபந்தனைகள் எளிமையானவை. என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருக்க வேண்டும், சரியாகப் போகிறதா என்பது உடனுக்குடன் தெரிய வேண்டும், சவால் நம் திறமைக்கு மிக அருகில், எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருக்க வேண்டும். சவால் குறைந்தால் சலிப்பு, கூடினால் பதற்றம். அதனால் திறமை வளர வளர சவாலையும் கூட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது.

அந்த நேரத்தில் மூளை அணைந்துவிடுவதாகச் சிலர் பேசுகிறார்கள், அது தப்பு. சார்லஸ் லிம்ப், ஆலன் பிரவுன் இருவரும் 2008-ல் ஜாஸ் பியானோ கலைஞர்களை எம்ஆர்ஐ ஸ்கேனுக்குள் படுக்க வைத்து, சின்ன கீபோர்டில் மனம்போல வாசிக்கச் சொன்னார்கள். தன்னைத்தானே மேற்பார்வை பார்க்கும் முன்மூளையின் பக்கவாட்டுப் பகுதி அமைதியானது, முன்மூளையின் நடுப்பகுதியோ சுறுசுறுப்பானது. ஒதுங்கியது மேற்பார்வையாளர் மட்டும்தான்.

அந்த மேற்பார்வையாளர் தப்பான நேரத்தில் திரும்பி வந்தால்தான் சிக்கல். கபடியில் தொடர்ந்து இரண்டு ரைடு வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாவது டூ ஆர் டை, அதாவது புள்ளி எடுக்காவிட்டால் அவுட். முப்பது நொடி, ஊரே பார்க்கிறது, நூறு தடவை போட்ட கால் அன்றைக்குப் பார்த்துக் கட்டை போல ஆகிவிடுகிறது. சியான் பெய்லாக் குழுவினர் 2002-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மிக அருகில் வருகிறது. கால்பந்து வீரர்களைக் கூம்புகளுக்கு நடுவே பந்தைத் தட்டிப் போகச் சொல்லி, பந்து காலின் எந்தப் பக்கத்தில் படுகிறது என்று கவனிக்க வைத்தார்கள். அனுபவசாலிகள் வலது காலில் ஆடும்போது வேகம் குறைந்தது. புதியவர்களுக்கோ அதே கவனம் உதவியது! அதைவிடச் சுவாரசியம், அதே அனுபவசாலிகள் பழக்கமில்லாத இடது காலால் ஆடியபோது அவர்களுக்கும் காலைக் கவனிப்பதுதான் நல்லதாக இருந்தது.

ஆகவே பயிற்சியாளர்களே, அண்ணன்மார்களே, நேற்று மைதானத்துக்கு வந்த பையனிடம் "யோசிக்காம ஆடுடா" என்று சொல்லாதீர்கள். அவனுக்கு யோசனைதான் ஏணி. ஐந்து வருஷம் ஆடியவனிடம் ஃபைனலுக்கு முன் "முட்டியை இன்னும் மடக்கு" என்றும் சொல்லாதீர்கள். அவனுடைய கவனத்தை உடம்புக்கு வெளியே தள்ளிவிடுங்கள்: கார்னரில் நிற்பவன் கையைப் பார், போனஸ் கோட்டைப் பார். கேப்ரியேலா வுல்ஃப் 1998-ல் பனிச்சறுக்கு போன்ற ஒரு கருவியில் செய்த சோதனையில், தங்கள் பாதத்தைக் கவனித்தவர்களைவிடப் பாதத்துக்கு அடியிலிருந்த சக்கரங்களைக் கவனித்தவர்கள் நன்றாகக் கற்றார்கள். இரண்டுக்கும் நடுவே சில அங்குல தூரம்தான்.

தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடித்து நேராக மைதானத்துக்கு வரும் தம்பிகளைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது. மேத்யூ வாக்கர் குழுவினர் 2002-ல் காட்டியது இது: ஒரு விரல் தட்டும் வரிசையைக் கற்றவர்கள் ஒரு இரவு தூங்கி எழுந்ததும் கூடுதல் பயிற்சி இல்லாமலே சுமார் 20 சதவீதம் வேகமானார்கள். அதே அளவு நேரம் விழித்திருந்தபோது அந்த முன்னேற்றம் வரவில்லை. மைதானத்தில் கற்றதில் ஒரு பங்கு தூக்கத்தில்தான் பதிகிறது. ஷிஃப்டை மாற்ற முடியாவிட்டாலும், பயிற்சிக்காகத் தூக்கத்தைக் குறைத்துக்கொள்ளாதீர்கள்.

கவனத்தை உடம்புக்கு வெளியே வைப்பது, காவலர் தேர்வுக்கு 1500 மீட்டர் ஓடிப் பழகுபவர்களுக்கும் பொருந்தும். ஆண்களுக்கு 7 நிமிடம். 2009-ல் வெளிவந்த ஒரு ஜெர்மன் ஆய்வில், பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்கள் ஒரே வேகத்தில் டிரெட்மில்லில் ஓடினார்கள். தங்கள் மூச்சையோ கால் அசைவையோ கவனித்தபோது செலவானதைவிட, வெளியே தெரியும் காட்சியைக் கவனித்தபோது குறைந்த ஆக்சிஜன் செலவானது. வேகம் அதேதான், கவனம் மட்டும் இடம் மாறியது. கைவீச்சு, பாதம் ஊன்றுவது இதையெல்லாம் திருத்த வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு நாள் ஒதுக்கி மெதுவாக ஓடித் திருத்துங்கள். நேரம் பார்த்து ஓடும் நாளில் முன்னால் ஓடுபவன் முதுகில் கண்ணை வையுங்கள். 400 மீட்டர் தடத்தில் மூன்றே முக்கால் சுற்று, ஒரு சுற்றுக்கு 1 நிமிடம் 52 நொடி. கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு நண்பனை நிறுத்தி, ஒவ்வொரு சுற்றுக்கும் நேரத்தைச் சத்தமாகக் கத்தச் சொல்லுங்கள்.