நிகழ்வெல்லை: கடந்துவிட்டாரா, கடக்கிறாரா?

பினாங்கின் பத்து பெரிங்கி கடற்கரை மணலில் உட்கார்ந்து அவித்த சோளம் தின்றுகொண்டிருந்தபோது அக்காள் மகள் கேட்டாள்: “மாமா, உஃபுக் பெரிஸ்தீவாவுக்குத் தமிழில் என்ன?”

ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில் அறிவியல் படித்தவள். இப்போது மலாய்வழி இடைநிலைப்பள்ளியில் படிவம் நான்கு. லோஹோங் ஹித்தாம் என்றால் உடனே புரிந்துகொள்வாள், கருந்துளை என்றால் ஒரு கணம் யோசிப்பாள். பள்ளியின் தமிழ்மொழிக் கழகச் சுவரிதழுக்குக் கருந்துளை பற்றி எழுத ஒப்புக்கொண்டு மாட்டிக்கொண்டிருந்தாள்.

“நிகழ்வெல்லை” என்றேன்.

“எல்லை என்றால் அங்கே என்ன இருக்கிறது? சுவரா?”

கேள்வி நியாயமானது. எல்லை என்றதும் பினாங்குக்காரர்களுக்கு நினைவு வருவது பாடாங் பெசார் குடிநுழைவுச் சாவடிதான்: வரிசை, முத்திரை, முறைக்கும் அதிகாரி. கருந்துளையின் எல்லையில் இவை எதுவும் இல்லை. கல்லோ கம்பியோ கிடையாது. வெறும் வெளி. ஆனால் அதைத் தாண்டி உள்ளே போனால் ஒளிகூடத் திரும்பி வராது.

ஆங்கிலத்தில் ‘ஈவெண்ட் ஹொரைசன்’. வியன்னாவில் பிறந்த இயற்பியலாளர் வோல்ஃப்காங் ரிண்ட்லர் 1956இல் இந்தச் சொல்லைப் புகுத்தினார். அப்போது அவர் பேசியது கருந்துளையைப் பற்றியே அல்ல. விரிந்துகொண்டே போகும் அண்டத்தில் எந்த நிகழ்வுகளின் ஒளி நமக்கு என்றைக்குமே வந்து சேராது என்பதுதான் அவருடைய கவலை. கருந்துளைக்குரிய ஆங்கிலப் பெயர் அச்சேறியதே 1964இல்தான். 1967இல் அமெரிக்க இயற்பியலாளர் ஜான் வீலர் எடுத்தாண்ட பிறகு எங்கும் பரவியது.

ஹொரைசன் என்பது கிரேக்க வேர். ‘எல்லை வகுக்கும் வட்டம்’ என்று பொருள். ஆகவே வேரைப் பார்த்தால் நம்முடைய ‘எல்லை’ பிழையில்லை. ஆனால் அன்றாடத் தமிழில் ஹொரைசனுக்கு நாம் எல்லை என்றா சொல்கிறோம்? அடிவானம், தொடுவானம் என்கிறோம். மலாய்க்காரர்களிடம் இரண்டு சொற்கள் உண்டு. பிறை பார்க்கும் காலத்தில் காதில் விழும் ‘உஃபுக்’ அரபியிலிருந்து வந்தது. அவர்களுடைய சொந்தச் சொல் ‘காக்கி லாங்கிட்’, வானத்தின் கால். நம் அடிவானமும் வானத்தின் அடிதானே! பக்கத்து வீட்டு மொழிகள் ஒரே காட்சியை ஒரே மாதிரி பார்த்திருப்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

அன்று மாலை மலாக்கா நீரிணையில் ஒரு சரக்குக் கப்பல் மேற்கே போய்க்கொண்டிருந்தது. முதலில் உடல் மறைந்தது, பிறகு கொள்கலன்கள், கடைசியில் புகைபோக்கி. “அந்தக் கப்பலில் இருப்பவருக்கு ஏதாவது ஆயிற்றா?” என்று கேட்டேன். சிரித்தாள். நம் அடிவானத்தைத் தாண்டியதே அவருக்குத் தெரிந்திருக்காது. பெருத்த கருந்துளையின் நிகழ்வெல்லையும் அப்படியே. கடப்பவருக்கு அந்த இடத்தில் ஒரு சிறு அதிர்வுகூட இருக்காது என்கிறது ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியல்.

உவமை இங்கேயே கொஞ்சம் நொண்டுகிறது. மணலில் நிற்பவரின் அடிவானம் நாலரைக் கிலோமீட்டரில் முடிகிறது; பினாங்கின் 833 மீட்டர் உயரக் கொடிமலையின் உச்சிக்குப் போனால் நூறு கிலோமீட்டருக்கு விலகிவிடும். கருந்துளையின் எல்லை, வெளியே நின்று பார்ப்பவர் இடம் மாறினால் மாறாது. கப்பல் திரும்பி வரலாம், உள்ளே போனவர் வரமுடியாது.

இனி காலம். ஈர்ப்பு மிகுந்த இடத்தில் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது என்பது கைப்பேசியில் வழி பார்க்கும் எல்லாருக்கும் பயன்படும் உண்மை. வழிகாட்டிச் செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள், உயரே ஈர்ப்பு குறைவாக இருக்கும் ஒரே காரணத்தால், நாளுக்குச் சுமார் 45 மைக்ரோ விநாடி முந்துகின்றன. கருந்துளைக்கு அருகே இதே விளைவு எல்லை மீறிப் போகிறது.

நம் பால்வீதியின் நடுவே சூரியனைப் போல் ஏறத்தாழ 4.3 மில்லியன் மடங்கு நிறையுள்ள கருந்துளை இருக்கிறது. விநாடிக்கு ஒருமுறை மினுக்கும் விளக்கோடு ஒருவர் அதற்குள் விழுகிறார் என்று வையுங்கள். அவருடைய கணக்கில் நூறாவது மினுக்கலுக்கும் நூற்றொன்றாவது மினுக்கலுக்கும் நடுவே எல்லையைக் கடக்கிறார். நெடுந்தொலைவிலிருந்து விழுந்து வந்தவர் என்றால், கடந்த பிறகு ஏறத்தாழ அரை நிமிடத்தில் மையத்தை அடைந்துவிடுவார். வெளியே இருக்கும் நமக்கோ மினுக்கல்களின் இடைவெளி நீண்டுகொண்டே வரும். நூறாவது ஆற அமர வந்து சேரும். நூற்றொன்றாவது ஒருநாளும் வராது.

அவர் ‘கடந்துவிட்டார்’ என்கிறார். நாம் ‘கடந்துகொண்டிருக்கிறார்’ என்போம், எத்தனை காலம் காத்திருந்தாலும்.

‘நிகழ்வு’ என்ற பாதியை நான் விரும்புவது இதனால்தான். தொல்காப்பியம் முக்காலங்களையும் இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்று பெயரிடுகிறது. அங்கே நிகழ்வு என்பது சம்பவம் அல்ல, நிகழ்காலம். விழுபவருக்கு இறந்தகாலமாகிவிட்ட ஒன்று நமக்கு நிகழ்காலத்திலேயே நின்றுபோகும் இடத்துக்கு நிகழ்வெல்லை என்று பெயர்! போதாததற்கு, சங்கப் பாடல்களில் எல்லை என்ற சொல்லுக்குப் பகற்பொழுது என்ற பொருளும் உண்டு. சொல்லை ஆக்கியவர்கள் இவ்வளவையும் எண்ணியிருக்க மாட்டார்கள். கிடைத்ததை வேண்டாம் என்பானேன்?

ஒரு தவறான படத்தை மட்டும் அழித்துவிட வேண்டும். விழுந்தவரின் உருவம் எல்லையில் ஈ ஒட்டியதுபோல் என்றென்றும் தெரியும் என்று பலர் எழுதுகிறார்கள். தெரியாது. அவரிடமிருந்து வரும் ஒளி சிவந்து, அகச்சிவப்பாகி, வானொலி அலையாக நீண்டு, வலுவிழந்து மங்கிப்போகும். பால்வீதிக் கருந்துளையில் இதற்குச் சில நிமிடங்கள் போதும். சூரியனைப் போல் பத்து மடங்கு நிறையுள்ள கருந்துளை என்றால் கண் இமைப்பதற்குள் எல்லாம் இருட்டு.

சோவியத் இயற்பியலாளர்கள் ஒரு காலத்தில் கருந்துளையை ‘உறைந்த நட்சத்திரம்’ என்றே அழைத்தார்கள். வெளியே நிற்பவரின் பார்வையை மட்டும் நம்பி வைத்த பெயர். ஆனால் அமெரிக்க இயற்பியலாளர்கள் ஓப்பன்ஹைமரும் ஸ்னைடரும் 1939லேயே இரண்டு கணக்கையும் ஒரே கட்டுரையில் போட்டிருந்தார்கள்: வெளியிலிருந்து பார்த்தால் நட்சத்திரம் கருந்துளையாகச் சுருங்கி முடிவதே இல்லை, அதனோடு சேர்ந்து விழுபவருக்கு ஒரு நாள் அளவில் எல்லாம் முடிந்துவிடும். இரண்டில் எதுவும் பொய்யில்லை.

“அப்படியென்றால் அடிவானம் என்றே போடலாமே, மாமா” என்றாள். எனக்கும் அந்த ஆசை இருந்தது. அவளுடைய குறிப்பேட்டை வாங்கி, நிகழ்வையும் அடிவானத்தையும் புணர்த்தி ‘நிகழ்வடிவானம்’ என்று எழுதிக் கொடுத்தேன். விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு முறை வாய்விட்டுப் படித்தாள்.

“நிகழ் வடிவானம்... என்ன வடிவம், மாமா?”

பேனாவை வாங்கி அடித்துவிட்டு, கீழே நிகழ்வெல்லை என்று எழுதினேன். பக்கத்தில் அவளே சின்னதாக ஒரு கப்பல் வரைந்துகொண்டாள்.