சாங்சுவரி சிட்டி: சரணாலயமா, அடைக்கலமா, புகலிடமா?

அமெரிக்கச் செய்திகளைத் தமிழில் படிப்பவர்கள் ‘சரணாலய நகரங்கள்’ என்ற தொடரைப் பார்த்திருப்பார்கள். சான் பிரான்சிஸ்கோ, சிகாகோ, நியூயார்க் என்று ஊர்ப் பெயர்கள் வரும். நாட்டில் அனுமதியின்றித் தங்கியிருப்பவர்களைப் பிடித்துக் கொடுப்பதில் மத்திய அரசுக்கு ஒத்துழைக்க மறுக்கும் ஊர்கள் இவை. அவற்றுக்கான நிதியை நிறுத்தப் போவதாக டிரம்ப் சொன்னார் என்று அடுத்த வரி வரும். ‘சாங்சுவரி சிட்டி’ என்பதை அப்படியே பெயர்த்ததுதான் அது. ஆனால் இன்றைய தமிழில் சரணாலயம் என்றாலே வேடந்தாங்கல்தான். அகராதிப்படி ‘சரண் புகும் ஆலயம்’ சரியாகவே பொருந்தினாலும், வாசகர் மனதில் முதலில் நாரைதான் வந்து உட்காரும்.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன். ‘சாங்டஸ்’ என்றால் புனிதமானது; அதிலிருந்து வந்த ‘சாங்டுவாரியம்’ புனிதமானவற்றைக் காக்கும் இடம், ஏறக்குறைய நம் கருவறை. இன்றும் தேவாலயத்தில் பீடத்தைச் சுற்றிய பகுதிக்கு அந்தப் பெயர் உண்டு. இடத்தின் பெயர் எப்படிப் பாதுகாப்பின் பெயரானது என்பதற்கு இடைக்கால இங்கிலாந்துக்குப் போக வேண்டும். குற்றம் செய்து ஓடி வருபவன் தேவாலயத்துக்குள் புகுந்துவிட்டால் அரசனின் ஆட்கள் இழுத்து வர முடியாது. பொதுவாக நாற்பது நாள் தவணை. அதற்குள் விசாரணைக்கு வர வேண்டும். இல்லையென்றால் குற்றத்தை ஒப்புக்கொண்டு, நாட்டைவிட்டே போவதாகச் சத்தியம் செய்ய வேண்டும். டர்ஹம் பேராலயத்தில் தவணை 37 நாள். அதன் வடக்குக் கதவில், வாயில் வளையத்தைக் கவ்விய பூத முகம் ஒன்று இருக்கிறது. தப்பி வந்தவர்கள் தட்டியது அந்த வளையத்தைத்தான். (இப்போது கதவில் இருப்பது நகல், அசலை உள்ளே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.) முதலாம் ஜேம்ஸ் மன்னர் காலத்தில், 1620-களில், இந்த உரிமையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

இதைவிடப் பழைய கிளை ஒன்றும் உண்டு. விவிலியத்தில் மோசே சொன்னபடி ஆறு ஊர்கள் ஒதுக்கப்படுகின்றன. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அவற்றை ‘அடைக்கலப்பட்டணங்கள்’ என்கிறது. ‘கைப்பிசகாய்’க் கொலை செய்தவன் பழிவாங்க வருபவனிடமிருந்து தப்பி அங்கே ஓடலாம். வேண்டுமென்றே கொன்றவனுக்கு அங்கே இடமில்லை. எது கைப்பிசகு, எது கொலை என்று சபை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும். 1989-இல் சான் பிரான்சிஸ்கோ இயற்றிய நகரச் சட்டம் தன்னைச் ‘சாங்சுவரி’ என்று அழைத்துக்கொள்ளாமல், இந்த விவிலியத் தொடரின் ஆங்கில வடிவத்தையே தலைப்பில் எடுத்துக்கொண்டது.

இன்றைய அரசியல் பொருள் வந்த கதையில் முதலில் வருவது குடியேறிகள் அல்ல, கடற்படை வீரர்கள். 1971 நவம்பரில், வியட்நாம் போருக்குப் போக மறுக்கும் ‘கோரல் சீ’ கப்பலின் மாலுமிகளுக்கு இடம் தருவதாகக் கலிபோர்னியாவின் பெர்க்லி நகர மன்றம் தீர்மானம் போட்டது. அப்புறம் 1980-களில் எல் சால்வடோரிலும் குவாத்தமாலாவிலும் உள்நாட்டுப் போர். அந்த அரசுகளுக்கு அமெரிக்கா ஆதரவு தந்துகொண்டிருந்ததால், அங்கிருந்து ஓடி வந்தவர்களின் தஞ்சக் கோரிக்கைகள் பெரும்பாலும் தள்ளுபடியாயின. அரிசோனாவின் டூசான் நகரில் ஜான் ஃபைஃப் என்ற போதகரின் தேவாலயம் 1982 மார்ச் 24 அன்று, தாங்கள் அவர்களுக்கு இடம் தருவதாக வெளிப்படையாகவே அறிவித்தது. எல் சால்வடோரின் பேராயர் ரொமேரோ சுட்டுக்கொல்லப்பட்ட இரண்டாம் நினைவு நாள் அது. அரசு வழக்குப் போட்டது; 1986-இல் ஃபைஃப் உள்படச் சிலர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அதற்குள் இயக்கம் தேவாலயங்களிலிருந்து நகர மன்றங்களுக்குத் தாவியிருந்தது. 1987-இல் ஒரெகன் மாநிலம் முழுவதற்குமே இத்தகைய சட்டம் வந்தது.

இனி, இன்று இந்தச் சொல்லால் எதைக் குறிக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். குழப்பம் முழுவதும் இங்கேதான்.

உரிமம் இல்லாமல் வண்டி ஓட்டியதற்காக ஒருவரை உள்ளூர்ப் போலீஸ் பிடித்து மாவட்டச் சிறையில் வைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கைரேகை எடுத்ததும் அது எஃப்பிஐ-க்குப் போகிறது. அங்கிருந்து உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கும் போகிறது. ‘சாங்சுவரி சிட்டி’யாக (புகலிட நகரம் என்றே இனிச் சொல்வோம், காரணம் பின்னால் வரும்) இருந்தாலும் இது தானாகவே நடந்துவிடும். ஆளுக்குத் தங்கும் அனுமதி இல்லை என்று தெரிந்தால் ‘ஐஸ்’ எனப்படும் குடியேற்றக் காவல் துறை சிறைக்கு ஒரு படிவம் அனுப்பும்: விடுதலை நேரம் வந்த பிறகும் 48 மணி நேரம் வரை பிடித்து வையுங்கள், நாங்கள் வந்து கூட்டிப் போகிறோம். இதில் பொதுவாக நீதிபதியின் கையெழுத்து இருக்காது. மற்ற ஊர்ச் சிறை பிடித்து வைக்கும். புகலிட நகரத்துச் சிறை, ‘எங்கள் வழக்கு முடிந்தது’ என்று கதவைத் திறந்துவிடும். அவ்வளவுதான். வெளியே வந்தவரை அதே தெருவில் ஐஸ் அதிகாரிகள் கைது செய்ய எந்தத் தடையும் இல்லை. ஒளித்து வைப்பதும் இல்லை, கதவைத் தட்டினால் காக்கும் பூத முகமும் இல்லை.

மத்திய அரசின் வேலையை மாநில, உள்ளூர் அதிகாரிகள் மீது கட்டாயமாகச் சுமத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1997-இல் துப்பாக்கிச் சட்டம் பற்றிய ஒரு வழக்கில் சொன்னது. புகலிட நகரங்கள் பிடித்துக்கொண்டு நிற்பது அந்தக் கொம்பைத்தான். எதிர்ப்பவர்களின் வாதத்தையும் தள்ளிவிட முடியாது: சிறைக்குள் கைமாற வேண்டிய ஆளைத் தெருவில் தேடிப் பிடிப்பது எல்லோருக்கும் ஆபத்து, விடப்பட்டவர்களில் சிலர் மறுபடி குற்றம் செய்திருக்கிறார்கள். 2015-இல் சான் பிரான்சிஸ்கோ கடற்கரையில் ஓர் இளம்பெண் குண்டடிபட்டு இறந்தார். அதற்கு முன், ஐந்து முறை நாடுகடத்தப்பட்ட ஒருவரை ஐஸ் கேட்டும் அந்நகரச் சிறை விடுவித்திருந்தது. சுட்டதாக வழக்கு அவர் மேல் பாய்ந்தது. 2017-இல் நடுவர் குழு அவரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தபோதும் கோபம் அடங்கவில்லை. நகரங்களின் பதில்: போலீஸைப் பார்த்தால் நாடுகடத்தல் என்ற பயம் வந்துவிட்டால், திருட்டுக் கொடுத்தவரும் அடி வாங்கிய மனைவியும் புகார் கொடுக்க வரமாட்டார்கள். டெக்சாஸ் 2017-இல் இத்தகைய நகரக் கொள்கைகளையே தடை செய்தது. அதே ஆண்டு கலிபோர்னியா மாநிலம் முழுவதற்கும் அவற்றை விரித்தது. அதிலும் கடும் குற்றங்களில் தண்டனை பெற்றவர்களை ஒப்படைக்க இடமுண்டு.

சரி, தமிழில் என்ன சொல்வது? அடைக்கலம் அழகான சொல், ஆனால் கனமானது. சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கும் பகுதிக்கு அடைக்கலக் காதை என்று பெயர். கொடுத்தவர், ஏற்றவர், காப்பேன் என்ற வாக்கு, இத்தனையும் அதில் உண்டு. படிவத்தைக் குப்பையில் போடுவதோடு நிற்கும் மாவட்டச் சிறைக்கு அது மிகை. தஞ்சம் ஏற்கெனவே ‘அரசியல் தஞ்சம்’ என்று வேறொரு சட்ட நடைமுறைக்குப் போய்விட்டது. ஈழத்தமிழர் பேச்சில் அதற்கு ‘அசைலம் அடிக்கிறது’ என்ற வழக்கே இருக்கிறது. மிஞ்சுவது புகலிடம். புகுதலிலிருந்து வந்த சொல். வருபவர் புகலாம் என்பதைச் சொல்கிறதே தவிர, உள்ளே காவலுக்கு ஆள் இருப்பதாக வாக்குக் கொடுப்பதில்லை. நம் கல்வெட்டுகளில் ‘அஞ்சினான் புகலிடம்’ என்ற தொடரே உண்டு; அஞ்சி ஓடி வந்தவர்களுக்கென்று அறிவிக்கப்பட்ட இடங்கள் அவை. எனவே புகலிட நகரம் என்றே எழுதலாம். 2013-இல் டொராண்டோ எடுத்த முடிவுக்கும் இது பொருந்தும். குடியேற்ற நிலையைக் கேட்காமல் நகரச் சேவைகளை வழங்குவதுதான் அங்கே பேச்சு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 2005-இல் தொடங்கிய இயக்கம் வேறு வகை. அது அகதிகளை வரவேற்று அரவணைப்பது. அதற்கு அடைக்கல நகரம் என்றால் தவறில்லை.

கூடவே வரும் இன்னொரு தொடர் ‘சட்டவிரோதக் குடியேறிகள்’. ஆளையே சட்டவிரோதம் என்பதா என்ற கேள்வி எழுந்து, ஏபி செய்தி நிறுவனம் 2013-இல் அதன் ஆங்கில வடிவத்தைக் கைவிட்டது. இலங்கையில் ‘கள்ளத்தோணி’ என்ற சொல் எங்கே போய் முடிந்தது என்பது தெரிந்தவர்களுக்கு இதில் விளக்கம் வேண்டாம். இந்தியாவிலிருந்து களவாகப் படகில் வந்தவரைக் குறித்த சொல், தலைமுறைகளாகத் தோட்டத்தில் உழைத்த மலையகத் தமிழர் மீதும் வசையாக விழுந்தது. 1948-இன் சட்டத்தால் அவர்களில் பெரும்பாலோர் குடியுரிமையும் இழந்தார்கள். மாற்றாகச் சொல்லப்படும் ‘ஆவணமற்றோர்’ என்பதும் முழுச் சரியில்லை. பலர் முறையான விசாவில் வந்து, அது முடிந்த பிறகும் தங்கிவிட்டவர்கள். கையில் கடவுச்சீட்டு இருக்கும். அமெரிக்கச் சட்டத்தில் எல்லையைத் திருட்டுத்தனமாகத் தாண்டுவது குற்றம். விசா முடிந்து தங்கியிருப்பது மட்டும் குற்றவியல் வழக்கு அல்ல, நாடுகடத்தலுக்கான காரணம். இரண்டையும் ஒரே சொல்லில் அடக்க வேண்டிய இடத்தில் ‘அனுமதியின்றித் தங்கியிருப்போர்’ என்று எழுதலாம். எழுத்து சில கூடினாலும் பொருள் பிசகாது.