டிரெய்னேஜ்: வடிகாலா, சாக்கடையா?

மழை விட்டும் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் தெருவில், "டிரெய்னேஜ் மூடியத் தூக்கி விடுங்க, தண்ணி போயிடும்" என்று யாராவது சொல்வார்கள். கடப்பாரை வரும். தெரு நடுவில் இருக்கும் வட்ட இரும்பு மூடி நகரும். தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கும். கொஞ்ச நேரத்தில் அதே வரிசையில் தாழ்வாக இருக்கும் வீடுகளின் குளியலறைத் தரையிலிருந்து கறுப்பு நீர் மேலே வரும். சென்னைப் பேச்சில் இரண்டு வேறு அமைப்புகளுக்கும் டிரெய்னேஜ் என்றே பெயர். இந்தத் தொல்லையில் அந்தச் சொல்லுக்கும் பங்கு உண்டு.

சாலையோரம் நீள்சதுரப் பலகை போட்டு மூடியிருப்பது மழைநீர் வடிகால். அது மாநகராட்சியின் பொறுப்பு. அதில் இறங்கும் நீர் எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் போன்றவற்றுக்குப் போகிறது. வட்ட மூடிக்குக் கீழே ஓடுவது கழிவுநீர்க் குழாய். அது குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. பெயரிலேயே 'கழிவுநீரகற்று' என்ற சொல்லையும் வைத்திருக்கும் வாரியம். இந்த நீர் உந்து நிலையங்கள் (பம்பிங் ஸ்டேஷன்) வழியாகக் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி போன்ற சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போக வேண்டும்.

'வடிகால்' நல்ல பழைய சொல். வடி என்றால் நீர் இறங்கிப் போவது. சோறு வடிப்பதும் வெள்ளம் வடிவதும் ஒரே வினைதான். கால் என்பது நீர் ஓடும் பாதை. வாய்க்காலிலும் கால்வாயிலும் இருப்பது அதே கால். காவிரிப் படுகையில் வயலுக்கு நீர் கொண்டுவருவது வாய்க்கால், மிகுந்ததை வெளியேற்றுவது வடிகால். இந்தச் சொல்லில் அழுக்கு என்ற பொருளே இல்லை. அதனால்தான் மனத்துயருக்கும் "ஒரு வடிகால் வேணும்" என்று கூசாமல் சொல்கிறோம். அந்த இடத்தில் சாக்கடை என்று யாரும் சொல்வதில்லை.

ஆங்கில வேர்களைப் பார்த்தால் வியப்புதான். டிரெய்ன் என்ற வினைக்குப் பழைய ஆங்கிலத்தில் வடிகட்டுதல் என்று பொருள். நம் 'வடி'க்கும் வடிகட்டுவது, நீர் இறங்கிப் போவது என்ற அதே இரு பொருள்கள் உண்டு. சாக்கடைக்கான ஆங்கிலச் சொல்லான சீவர் (sewer) லத்தீனில் 'வெளியே', 'நீர்' என்ற இரு சொற்கள் சேர்ந்து பிறந்தது. தொடக்கத்தில் அது குளத்து மிகைநீர் வெளியேறும் பாதையைக் குறித்தது. கழிவு பிறகுதான் அதில் ஏறிக்கொண்டது.

வீட்டுக் கழிவுநீருக்கும் தமிழில் சொல் பஞ்சம் இருந்ததில்லை. அங்கணம், தூம்பு, சுருங்கை எல்லாம் இருந்தன. மணிமேகலையில் பெண்கள் கூந்தல் கழுவிய நீர் 'சுருங்கைத் தூம்பு' வழியாகத்தான் நகரின் அகழிக்குப் போகிறது. சுருங்கை என்றால் மூடிய, நிலத்தடிப் பாதை.

இரண்டையும் ஏன் கலக்கக் கூடாது என்பதற்கு ஒரு கணக்குப் போதும். 1,000 சதுர அடி மொட்டைமாடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்த மாடியிலிருந்து மட்டும் ஏறத்தாழ 4,650 லிட்டர் இறங்கும். நாலு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு 135 லிட்டர் புழங்கி, அதில் 80 விழுக்காடு கழிவாகப் போனால் ஒரு நாளைக்கு 432 லிட்டர். பத்து நாளுக்கும் மேற்பட்ட கழிவின் அளவு ஒரே மணி நேரத்தில் குழாய்க்குள் புகுகிறது. உந்து நிலையம் அதைத் தாங்காது. மழைநீரோடு சேரும் மணல் வேறு. நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் வேகமாவது இருந்தால்தான் குழாய் தன்னைத்தானே கழுவிக்கொள்ளும். குழாய் நிரம்பி ஓட்டம் தேங்கியதும் மணல் அடியில் படிந்து, மழை போன பிறகும் அடைப்பாக நிற்கும். வடிகாலில் மணலைப் பிடிக்க வண்டல் தொட்டி உண்டு, தெருவின் கழிவுநீர்க் குழாயில் அப்படி எதுவும் இல்லை.

தெருவில் மூடியைத் திறப்பதைவிடப் பரவலான தவறு வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. மாடிக் குழாயை இறக்கி, பக்கத்தில் இருக்கும் கழிவுநீர்ச் சேம்பரில் செருகிவிடுகிறார்கள். சோதிப்பது எளிது. சேம்பர் மூடியைத் திறந்து வைத்து, மாடியில் இரண்டு வாளி நீர் ஊற்றச் சொல்லுங்கள். சேம்பரில் ஓட்டம் தெரிந்தால் இணைப்பு தவறு. அந்தக் குழாயைப் பிரித்து மழைநீர் சேகரிப்புக் குழிக்குத் திருப்ப வேண்டும். சென்னையில் 2003 முதல் கட்டாயமான குழிதான் அது. குழி நிரம்பினால் மிகைநீர் சாலையோர வடிகாலுக்குப் போகலாம். கழிப்பறைக் குழாயை வடிகாலில் விடுவது இதன் மறுபக்கம். அந்த மலம் நேரே ஆற்றுக்குத்தான் போகும்.

ஆகவே எழுத்தில் டிரெய்னேஜை விட்டுவிடலாம். மழைக்கு மழைநீர் வடிகால், வீட்டுக் கழிவுக்குக் கழிவுநீர்க் குழாய். மக்கள் நாவில் உள்ள பாதாளச் சாக்கடையும் சரியே. புதைசாக்கடை இன்னும் சுருக்கம். மேன்ஹோலுக்கு 'ஆள்நுழைவுக் குழி' என்று மொழிபெயர்ப்பதுண்டு. பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்த பிறகு அந்தப் பெயரைத் தொடர எனக்கு மனமில்லை. புதைசாக்கடை மூடி என்றாலே விளங்கும்.

புகார் சொல்லும்போதும் இந்தப் பிரிவு உதவும். சாலையோரப் பலகைக்குக் கீழே அடைப்பு என்றால் 1913, மாநகராட்சி. வட்ட மூடி வழியே பொங்குகிறது என்றால் 1916, குடிநீர் வாரியம். "டிரெய்னேஜ் அடைப்பு" என்று மட்டும் சொன்னால் எதிர்முனையில் முதலில் கேட்பது எந்த டிரெய்னேஜ் என்றுதான்.