கேத்திலில் கல் படியாத தண்ணீர்

யாழ்ப்பாணத்தில் கேத்திலின் அடியைச் சுரண்டிப் பார்த்தவர்களுக்கு, முட்டைக்கோது போல உதிரும் வெள்ளைப் படிவு புதிதல்ல. மழைநீர் மண்ணிலுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு குடாநாட்டின் சுண்ணக்கல்லூடாக இறங்கும்போது, கல்லையும் சிறிது கரைத்துக்கொண்டே கிணற்றுக்கு வருகிறது. கொதிக்கவைத்ததும் வாயு வெளியேற, கரைந்த கல் மீண்டும் கல்லாகிறது. தேசிக்காய்ப்புளி விட்டால் அது நுரைத்துக் கரையும்.

கரைந்த கல்லால் தண்ணீருக்கு வரும் இந்த வன்மையை நீக்க வல்லது, அமுக்கத்தால் தள்ளப்படும் நீரை மிக நுண்ணிய துளைகளூடாக வடிக்கும் நனோவடிப்பு மென்சவ்வு. வேலை முழுவதையும் செய்வது அதன் மேற்பரப்பிலுள்ள, ஏறத்தாழ 100 நனோமீற்றரே (ஒரு நனோமீற்றர் மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) தடிப்புள்ள பொலியேமைட்டு என்ற பிளாத்திக்குத் தோல்தான். ஒரு மூலப்பொருள் கரைந்த நீரும், மற்றது கரைந்த எண்ணெய் போன்ற கரைப்பானும் தொட்டுக்கொள்ளும் எல்லையில், ஆறும் பாலில் ஆடை படர்வதுபோல அது சில விநாடிகளில் உருவாகிறது. படர்ந்த தோலே இரண்டும் மேலும் கலக்காமல் மறித்துவிடுவதால், அதன் தடிப்பும் அவ்வளவில் நின்றுவிடுகிறது. இவ்வளவு எளிமையான செய்முறை என்பது எனக்கு இன்னமும் வியப்புத்தான்.

தோலின் துளைகள் ஏறத்தாழ 1 நனோமீற்றர் அகலமானவை. ஆனால் இதை மாவரிக்கும் அரிதட்டாக எண்ணிவிடக் கூடாது. கரைந்த கல்லிலிருந்து வரும் கல்சிய அயன், அதாவது மின்னேற்றம் கொண்ட கல்சிய அணு, தனித்திருக்கையில் நீர் மூலக்கூறைவிடவும் சிறியது. அளவு மட்டும் காரணமென்றால் அது தாராளமாகப் போய்விடும். இரட்டை நேரேற்றம் கொண்டதால் அது தன்னைச் சுற்றி நீர் மூலக்கூறுகளை இறுகப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் போர்வையோடு துளைக்குள் நுழைவதும் கடினம், போர்வையைக் கழற்றுவதற்கும் பெருஞ்சக்தி வேண்டும். மென்சவ்வோ பெரும்பாலும் மறையேற்றம் உடையது. ஆகவே இரட்டை மறையேற்றமுள்ள சல்பேற்றை அது வலுவாகத் தள்ளிவிடுகிறது.

நைத்திரேற்று அப்படியல்ல. ஒற்றை ஏற்றமும் தளர்ந்த நீர்ப்போர்வையும் கொண்ட அது, சோடியத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பெருமளவில் நழுவிச் செல்கிறது. வெங்காயத் தோட்டங்களுக்கு இடும் உரமும் மலசலகூடக் குழிகளும் குடாநாட்டின் வலிகாமப் பகுதிக் கிணறுகளுக்குச் சேர்க்கும் நைத்திரேற்று பல இடங்களில் உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பான லீற்றருக்கு 50 மில்லிகிராமை மீறியிருப்பதால், கேத்தில் வெளுக்காததை மட்டும் வைத்து, நனோவடிப்பில் வடித்த தண்ணீரைக் கைக்குழந்தைக்குக் கொடுக்க முடியாது. கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாக, அதன் செறிவு கூடவே செய்யும்.

இதே போல அமுக்கத்தால் வடிக்கும் ஆர்.ஓ. (பின்முகப் பிரசாரண) மென்சவ்வின் தோல் இன்னும் நெருக்கமானது. நைத்திரேற்றின் பெரும்பகுதியை மறிக்கும், அதற்கேற்ப அமுக்கமும் கூடுதலாக வேண்டும். இரண்டிலும் மறிக்கப்பட்டவை ஒரு கழிவுநீராகச் சேர்கின்றன. அதை வளவுக்குள் ஊற்றினால், சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியே மறுபடியும் கிணற்றுக்கே வந்து சேரும்.