எறும்புக்குக் கால் எங்கே?

அன்று எறும்பைப் பற்றிய பாடம். "எறும்புக்கு ஆறு கால்" என்று நான் சொல்ல, பிள்ளைகள் மூன்று முறை திருப்பிச் சொன்னார்கள். நோட்டிலும் எழுதியாயிற்று. மணி அடிக்கப் பத்து நிமிடம் இருந்ததால், "சரி, எறும்பை வரைங்க" என்றேன்.

முதல் வரிசைப் பையன் மூன்று உருண்டை போட்டு, தலைக்கு இரண்டு, நடுவில் இரண்டு, பின்னால் இரண்டு என்று கால்களைப் பங்கு பிரித்துக் கொடுத்திருந்தான். பக்கத்தில் இருந்தவள் ஆறையும் வயிற்றுக்கடியில் சீப்புப் பல் மாதிரி தொங்கவிட்டிருந்தாள். இன்னொருத்தி நான்கு காலோடு நிறுத்தி, ஒரு வாலும் வைத்திருந்தாள். ஐந்து நிமிடம் முன்புதான் எல்லோரும் "ஆறு கால்" என்று கத்தியிருந்தார்கள்.

மறுநாள் மூடி போட்ட ஒரு கண்ணாடிக் குப்பியில் இரண்டு எறும்புகளும், கையில் ஒரு பூதக்கண்ணாடியும் கொண்டுபோனேன். "கால் எல்லாம் எங்கேருந்து புறப்படுது, பாருங்க." கேட்டது அவ்வளவுதான். குப்பி கைமாறிக்கொண்டே போனது. முதல் வரிசைப் பையன் கண்ணை எடுக்காமல் பார்த்தான். பிறகு ரப்பரை எடுத்துத் தலையில் இருந்த காலை அழிக்க ஆரம்பித்தான். "டீச்சர், தலையில கால் இல்ல. எல்லாம் நடுவுலதான் இருக்கு!" ஆமாம், எறும்பின் ஆறு கால்களும் மார்புப் பகுதியிலிருந்துதான் புறப்படுகின்றன. நான் அதைச் சொல்லித் தரவில்லை, பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்ததால் அவனே கண்டுபிடித்தான்.

பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஒன்றாம் வகுப்பு எடுத்த பிறகு எனக்கு உறுதியாகத் தோன்றுவது இது: இந்த வயதில் ஓவியத்தையும் பாட்டையும் நடிப்பையும் பாடம் முடிந்த பிறகு தரும் மிட்டாயாக வைக்கக் கூடாது. பாடத்தின் நடுவில் வைக்க வேண்டும். முடிந்தால் தொடக்கத்திலேயே.

"எங்கள் பள்ளியிலும் கலை இருக்கிறது" என்று பலர் சொல்வார்கள். போய்ப் பார்த்தால் அச்சடித்த எறும்புப் படம், கோட்டுக்கு வெளியே போகாமல் கறுப்பு வண்ணம் அடிக்க வேண்டும். அதில் எறும்பைப் பார்ப்பதும் இல்லை, வரைவதும் இல்லை. நான் எனக்கென்று ஒரு சோதனை வைத்திருக்கிறேன். பாடத்திலிருந்து அந்தக் கலை வேலையை எடுத்துவிட்டால் பிள்ளைக்குப் புரிவதில் ஏதாவது குறையுமா? குறையாது என்றால் அது வெறும் அலங்காரம். ஆண்டு விழாவுக்காக வாரக்கணக்கில் ஒரே நடனத்தைப் பழக்குவதும் இந்தச் சோதனையில் தேறாது. பின்வரிசையில் நின்று கை மட்டும் ஆட்டிய பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

எழுத்துக்கு வருவோம். மனிதனின் மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை பெரும்பாலும் குருத்தெலும்புதான், ஒவ்வொன்றாகத்தான் எலும்பாகின்றன. கடைசி எலும்பு உருவாகவே 8 வயதுக்கு மேல் ஆகும். ஆறு வயதுக் கையில் பென்சிலைக் கொடுத்து நான்கு வரிக் கோட்டுக்குள் பக்கம் பக்கமாக எழுதச் சொல்லும்போது இதை மறந்துவிடுகிறோம். களிமண்ணைப் பிசைந்து 'அ' செய்யட்டும். சுவரில் ஒட்டிய பெரிய தாளில் தோளிலிருந்து கையை வீசி 'ழ' போடட்டும். கிரேயானை உடைத்துச் சின்னத் துண்டாகக் கொடுங்கள். முழுக் கையால் பிடிக்க இடம் இருக்காது, மூன்று விரல் தானாகக் கூடிவிடும். உடைந்த கிரேயானைத் தூக்கிப் போடும் ஆசிரியர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

தாளத்துக்குத் தமிழ் எழுத்தோடு இருக்கும் உறவு இன்னும் நெருக்கமானது. குறிலுக்கு 1 மாத்திரை, நெடிலுக்கு 2. மாத்திரை என்பது என்ன? கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் என்கிறது தொல்காப்பியம். அப்படியென்றால் நம் எழுத்தின் அளவுகோலே ஒரு விரல் சொடுக்குதான். ஆனாலும் நாம் 'துணைக்கால் போடு, துணைக்கால் போடு' என்று சிவப்பு மையால் திருத்திக்கொண்டே இருக்கிறோம்.

என் வகுப்பில் ஒரு பெண் 'பாடம்' என்று எழுதச் சொன்னால் 'படம்' என்றே எழுதுவாள். பத்து முறை எழுத வைத்தேன், பதினோராவது முறையும் 'படம்'. பிறகு நோட்டை மூடச் சொல்லிவிட்டு, எல்லோரும் எழுந்து நின்று சொற்களைக் கையால் சொன்னோம். குறிலுக்கு ஒரு சொடுக்கு. நெடிலுக்கு இரண்டு கையையும் சேர்த்துவைத்து மெல்ல விரிக்க வேண்டும். பல், பால். கல், கால். படம், பாடம். நான்காம் நாள் அவள் எழுதும்போது பார்த்தேன். 'ப' போட்டாள், பென்சிலைக் கீழே வைத்தாள், கையை விரித்தாள், பிறகு பென்சிலை எடுத்துத் துணைக்கால் போட்டாள். சில வாரங்களில் கை விரிப்பது நின்றுவிட்டது, துணைக்கால் நின்றுவிடவில்லை.

கணக்கிலும் இதே வழிதான். தட்டு-தட்டு-சொடுக்கு, தட்டு-தட்டு-சொடுக்கு என்று போகும்போது "அடுத்தது என்ன?" என்று நிறுத்தினால், பிள்ளைகள் கண்டுபிடிப்பது ஒரு கணித ஒழுங்கு. பெருக்கல் வரும்போது மும்மூன்றாக எண்ணுவது அவர்களுக்குப் புதிதாக இருக்காது.

எழுதும் முன் வரைவதைத் தனியாகச் சொல்ல வேண்டும். "மழையைப் பற்றி எழுது" என்றால் "மழை வந்தது" என்று ஒரு வரி வரும். முதலில் வரையச் சொல்லுங்கள். குடை திரும்பிக்கொண்டிருக்கும், ஒரு செருப்பு தண்ணீரில் போய்க்கொண்டிருக்கும், ஜன்னலில் யாரோ நிற்பார்கள். ஆறு வயதில் கை மெதுவாகவும் நினைப்பு வேகமாகவும் ஓடும். ஒரு எழுத்தைக் கூட்டுவதற்குள் சொல்ல வந்தது பறந்துவிடும். படம் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. படத்தைப் பார்த்துப் பார்த்து எழுதும்போது அதே பிள்ளை நான்கு வரி எழுதுகிறது.

நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தொடக்க ஆண்டுகளில் நல்ல படத்துக்கெல்லாம் ஸ்டார் ஸ்டிக்கர் ஒட்டுவேன். கொஞ்ச நாளில் பிள்ளைகள் வரைந்து முடித்ததும் "ஸ்டார் உண்டா டீச்சர்?" என்று மட்டும் கேட்டார்கள், ஸ்டார் கிடைத்த படத்தையே திரும்பத் திரும்ப வரைந்தார்கள். 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வைப் பிறகுதான் படித்தேன். படம் வரைவதில் ஆர்வமுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பிரிவுக்கு மட்டும், வரைந்தால் தங்க ஸ்டார் வைத்த சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்து, விருப்பம்போல் விளையாடும் நேரத்தில், அந்தப் பிரிவினர் வரைவதற்குச் செலவிட்ட நேரம் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதியாகிவிட்டது. அன்றோடு ஸ்டிக்கரை நிறுத்தினேன். இப்போது படத்தின் அருகில் உட்கார்ந்து "இதைப் பத்திச் சொல்லு" என்கிறேன், சொல்வதைப் படத்துக்குக் கீழே எழுதித் தருகிறேன். "இது என்ன?" என்று மட்டும் கேட்காதீர்கள். அது நாய் என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கும்போது உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அதன் முகம் வாடிவிடும்.

நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் பெயின்ட்டும் தண்ணீரும் சரிப்படாது, உண்மை. வேண்டியதும் இல்லை. பென்சில், சாக்பீஸ், தரை, இரண்டு கை போதும். ஓவியம் வரையத் தெரியாத ஆசிரியர் இதில் எதையும் இழக்கமாட்டார். கரும்பலகையில் அழகாக வரைந்து காட்டினால் நாற்பது நோட்டிலும் அதே படம்தான் வரும். நடிப்பில் மட்டும் ஒரு எச்சரிக்கை: கூச்சப்படும் பிள்ளையை முன்னால் இழுக்காதீர்கள். அது மரமாக நிற்கட்டும், காற்றின் ஒலி எழுப்பட்டும்.

பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: "நோட்டு காலியா இருக்கே டீச்சர்?" நான் பதில் சொல்வதைவிடப் படங்களைக் காட்டுவதுதான் வழக்கம். ஒவ்வொன்றிலும் தேதி இருக்கும். ஆண்டுத் தொடக்கத்தில் வீடும் ஆளும் சூரியனும் காற்றில் மிதந்துகொண்டிருக்கும். ஆறேழு வயதில் தாளின் அடியில் ஒரு தரைக்கோடு வந்து எல்லாம் அதன்மேல் நிற்கத் தொடங்கும். போன முறை ஒரு அப்பா இரண்டு எறும்புப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். முதல் படத்தில் தலைக்கு அருகே ரப்பரால் அழித்த தடம் இருந்தது. அதை விரலால் தடவிவிட்டு, "இதை நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாமா?" என்று கேட்டார்.