பொடியில் ஏறும் காரம்

அம்மாச்சியின் சுருக்குப்பையில் சில்லறையோடு ஒரு மூக்குப்பொடி மட்டை எப்போதும் கிடக்கும். காய்ந்த வாழைமட்டையை மடித்து நூலால் கட்டிய பொட்டலம், கட்டைவிரல் அளவுதான். நூலைப் பிரித்து, மட்டையை இரண்டு தட்டுத் தட்டி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து ஒரு சிட்டிகை எடுப்பார். இழுக்கிற சத்தம்கூடக் கேட்காது. என்னைக் கடைக்கு அனுப்பும்போது மட்டும் தவறாமல் சொல்வார்: "புதுப் பொடியாக் கேட்டு வாங்கிட்டு வாய்யா. பழசுல காரம் இறங்கிப் போயிருக்கும்."

அவர் சொன்ன காரம், மூக்கில் சுள்ளென்று ஏறுகிற எரிச்சல். பள்ளிக்கூடத்தில் வேறொரு காரம் சொல்லிக்கொடுத்தார்கள். சிவப்பு லிட்மஸ் தாளை நீலமாக்குவது. மிளகாயில் இந்த இரண்டு காரத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மூக்குப்பொடியில் உண்டு. முதல் காரத்தைக் கொண்டுவருவதே இரண்டாவது காரம்தான்.

புகையிலையில் நிகோடின் பெரும்பாலும் தனியாக இருப்பதில்லை. இலையின் அமிலங்களோடு சேர்ந்து உப்பாக இருக்கிறது. உப்பாக இருக்கும்வரை அது மின்னூட்டம் கொண்டது. கொழுப்பால் ஆன செல்சவ்வைத் தாண்டுவது அதற்குக் கடினம். போதாக்குறைக்கு, மூக்கின் உட்புற ஈரமும் சற்றே அமிலத்தன்மை உடையது. வெறும் இலைத்தூளைப் போட்டால் தும்மல் வரும், அதற்குமேல் பெரிதாக ஒன்றும் ஏறாது.

நம்மூர்ப் பொடியில் நெய்விட்டு வறுத்து இடித்த புகையிலையோடு சுண்ணாம்பும் சேர்கிறது. சுண்ணாம்பு அமிலத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ள, நிகோடின் விடுபடுகிறது. கணக்கு இப்படிப் போகும்: அமில-கார அளவான பிஹெச் 7-ல் நிகோடினில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் விடுபட்ட நிலையில் இருக்கும். 8-ல் பாதி. 9-ல் பத்தில் ஒன்பது பங்கு. இரண்டே படிதான் ஏறியிருக்கிறோம், ஆனால் விடுபட்ட நிகோடின் ஒன்பது மடங்காகிவிட்டது! சுண்ணாம்பு ஒரு சிட்டிகை கூடினாலும் குறைந்தாலும் பொடி வேறு பொடியாகிவிடுவது இதனால்தான். விடுபட்ட நிகோடின் கொழுப்பில் கரையும், ஆவியாகவும் கிளம்பும். மூக்குச் சவ்வுக்கு அடியிலேயே ரத்தக்குழாய்கள் வலையாகப் பின்னிக் கிடப்பதால், அங்கே நுழைந்தது குடலையும் ஈரலையும் சுற்றிக்கொண்டு வர வேண்டியதில்லை. சில நிமிடங்களில் மூளையை எட்டிவிடும்.

அம்மாச்சி சொன்ன 'காரம் இறங்குவது'ம் இங்கேயே விளங்கிவிடுகிறது. பிரித்து வைத்த பொடிக்குள் காற்றிலிருக்கும் கரியமில வாயு புகுந்து, சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கால்சியம் கார்பனேட்டாக மாற்றுகிறது. வெள்ளையடித்த சுவர் இறுகுவதும் இதே வினையால்தான். கார்பனேட்டுக்குக் காரத்தன்மை குறைவு. விடுபட்டிருந்த நிகோடினும் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கிறது. பழைய பொடியில் புகையிலை இருக்கும், ஏற்றம் இருக்காது.

இதுவரை பேசியது ஏற்றத்தைப் பற்றி. மணம் வேறு பாதை. மூக்கின் கூரையில், ஏறக்குறைய தபால்தலை அளவே உள்ள ஒரு பரப்பில், மோப்ப நரம்பு தொடங்குகிறது. நெய், ரோஜா, ஏலக்காய் என்று பிரித்துச் சொல்வது அதன் வேலை. எரிச்சல், குளிர்ச்சி, குத்தல் ஆகியவற்றைச் சொல்வது முகம் முழுவதும் கிளைவிடும் முக்கிளை நரம்பு. மென்தால் சேர்த்த பொடி ஜில்லென்று இருக்கிறதே, மூக்குக்குள் உண்மையில் எதுவும் குளிர்வதில்லை. நரம்பு முனையில் குளிரை உணரும் அதே புரத வாயிலை மென்தால் திறந்துவிடுகிறது. அந்த வாயிலை 2002-ல் அடையாளம் கண்டவர்களில் ஒருவரான டேவிட் ஜூலியஸ், வெப்பத்தையும் தொடுதலையும் உடல் உணரும் விதத்தைக் கண்டறிந்ததற்காக 2021-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பொடி தயாரிப்பவரின் திறமை இந்த இரண்டு நரம்புகளுக்கும் நடுவில்தான் இருக்கிறது. காரத்தைக் கூட்டினால் எரிச்சல் முந்திக்கொண்டு மணத்தை அமுக்கிவிடும். குறைத்தால் மணம் தெரியும், ஏற்றம் போதாது. அரைப்பின் பருமனும் முக்கியம். நைசாக அரைத்தது பறந்து தொண்டைவரை போய்க் கசக்கும். கொரகொரப்பானது மூக்கின் முன்பகுதியிலேயே தங்கி நிதானமாக மணம்விடும்.

ஆங்கிலேயர்கள் மணத்தின் பக்கம் சாய்ந்தவர்கள். ஷெஃபீல்டின் ஷாரோவில் 1737-ல் தொடங்கிய வில்சன் குடும்பத்தின் ஆலை, ஓடை நீரில் சுழலும் சக்கரத்தால் பொடி அரைத்தது. அவர்களுக்குப் பிடித்த மணங்களில் ஒன்று பெர்கமாட் என்ற எலுமிச்சை வகைப் பழத்தோலின் எண்ணெய். அதன் முக்கியமான மணப்பொருள் ஒரு எஸ்டர், காரம் பட்டால் உடைந்துவிடக்கூடியது. சுண்ணாம்பு கலந்த நம் பொடியில் பூமணம் பெரிதாக வேரூன்றாமல், வறுவலின் மணம் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். காப்பிக்கொட்டையையோ வேர்க்கடலையையோ வறுக்கும்போது பிறக்கிற பைரசின் வகை மணப்பொருள்கள் சுண்ணாம்புக்கு அவ்வளவு எளிதில் அசைவதில்லை.

ஜெர்மனியின் பவேரியர்களைப் பற்றிப் படித்தபோது எனக்கு அம்மாச்சியின் பொடிதான் நினைவுக்கு வந்தது. அங்கே 'ஷ்மால்ஸ்லர்' என்றொரு பொடி. புளிக்கவைத்த கரிய பிரேசில் புகையிலையை உருக்கிய வெண்ணெயோடு சேர்த்து அரைப்பார்கள். உருக்கிய வெண்ணெய் என்றால் நம் நெய்தான். பெயரே அந்தக் கொழுப்பிலிருந்து வந்தது. மணப்பொருள்களில் பல கொழுப்பில் கரைபவை. நெய்க்குள் உட்கார்ந்துகொண்டு மூக்கின் சூட்டில் மெல்ல வெளியே வரும். தூள் பறக்காமல் பிடித்து வைப்பதும் நெய்யே. ஆயிரக்கணக்கான மைல் இடைவெளியில் இரண்டு ஊர்க் கைகள் ஒரே வழியைக் கண்டிருக்கின்றன.

இந்தக் கைத்திறனை நான் மனதார மதிக்கிறேன், பொடி போடுவதில்லை. உலரவைத்துப் புளிக்கவைக்கும்போதே புகையிலையில் நைட்ரோசமைன்கள் என்ற புற்றுநோய் தரும் பொருள்கள் உருவாகிவிடுகின்றன. புகை இல்லாததால் அவை இல்லாமல் போவதில்லை. புகையில்லாப் புகையிலையை மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. லண்டன் மருத்துவர் ஜான் ஹில், பொடி போடுபவர்களின் மூக்கில் கட்டி வளர்வதை 1761-லேயே எழுதி எச்சரித்தார். நிகோடினோ ஒருமுறை பழகியவரை லேசில் விடாது.

கடைசி வருடங்களில் அம்மாச்சிக்கு மோப்பம் போய்விட்டது. வயதும் காரணமாக இருக்கலாம், அத்தனை வருடப் பொடியும்தான். ரசத்தில் பெருங்காயம் போட்டாயிற்றா என்று அடுப்படியில் நின்றுகொண்டே கேட்பார். ஆனால் மிளகாய் தாளித்த நெடிக்கு எல்லோருக்கும் முன்னால் இருமுவது அவர்தான். முக்கிளை நரம்பு அப்படியே இருந்தது. அதனால் பொடி பழசா புதுசா என்பதையும் ஒரே இழுப்பில் சொல்லிவிடுவார். மணம்தான் தெரியாது. மட்டையைப் பிரித்து முதலில் என் பக்கம் நீட்டுவார்.

"மணக்குதாய்யா?"

இழுக்காமல் மோந்து பார்ப்பேன். வறுத்த நெய்யின் மணம் லேசாக வரும். "மணக்குது அம்மாச்சி" என்ற பிறகுதான் அவர் ஒரு சிட்டிகை எடுப்பார்.